தார்ச்சாலை முடிந்த பிறகு: கிரீட் தீவின் அயியோஃபராங்கோ கரை ஏன் இன்னும் வெறுமையாக இருக்கிறது

கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் தென்கரையில், அஸ்தெரூசியா மலைத்தொடர் லிபியக் கடலுக்குள் இறங்கும் இடத்தில், அயியோஃபராங்கோ என்றொரு சிறு குடா இருக்கிறது. இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, நடுவே கூழாங்கல்லும் பருமணலும் கலந்த ஒரு சிறிய கரை. அங்கே வாடகைச் சாய்வு நாற்காலி இல்லை, குடை இல்லை, மின்கம்பம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஹெராக்லியன் நகரிலிருந்து மெஸாரா சமவெளியைக் கடந்து, சிவாஸ், லிஸ்தாரோஸ் ஆகிய ஊர்களின் வழியாக ஒடிகித்ரியா மடாலயத்தை அடைந்து, அதற்கப்பால் புழுதிப் பாதையில் மெல்ல ஊர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேர அளவு ஓடைப்படுகையில் நடந்தால்தான் கடல் தெரியும்.

கிரேக்கத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 4 லட்சம். 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். வந்தவர்களில் பெரும்பாலோர் தேடிவந்தது கடலைத்தான். அப்படிப்பட்ட ஒரு நாட்டில், சர்வதேச விமான நிலையம் உள்ள ஒரு நகரிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய ஒரு குடா எப்படி வெறுமையாகவே நிற்கிறது? 'இன்னும் யார் கண்ணிலும் படாத இடம்' என்று பயண விளம்பரங்கள் சொல்லும் பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அயியோஃபராங்கோ எல்லாருக்கும் தெரிந்த இடம். ஐயாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த இடம். அதன் தனிமையைப் பாறையும் காற்றும் சட்டமும் மனிதர்கள் விட்டுச்சென்ற வரலாறும் சேர்ந்து உண்டாக்கியிருக்கின்றன. அந்தத் தனிமை எதனால் ஆனது என்று தெரிந்தவருக்கே அது எவ்வளவு எளிதில் கலையக்கூடியது என்பதும் தெரியும்.

முதலில் பாறை. கிரீட் தீவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு ஈஜியன் தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அந்த நெருக்குதலில்தான் தீவு கடலிலிருந்து உயர்ந்தது, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. கி.பி. 365ஆம் ஆண்டு நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தீவின் தென்மேற்கு முனை ஒரே அசைவில் ஒன்பது மீட்டர் அளவுக்கு மேலெழுந்ததை அங்குள்ள பாறைகளில் பழைய கடல்மட்டம் விட்டுச்சென்ற கோடு இன்றும் காட்டுகிறது. இப்படி எழும்பும் சுண்ணாம்பு மலையை மழைக்கால ஓடைகள் கத்திபோல் அறுத்துக்கொண்டு இறங்கும்போது, அகலம் குறைந்து ஆழம் மிகுந்த மலையிடுக்குகள் உண்டாகின்றன. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஓடையின் வாய் இன்றைய கரையைத் தாண்டி வெளியே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த வாய் மூழ்கியது. இன்று நாம் நிற்கும் குடா, மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கின் வாசல்.

கரையில் கூழாங்கல் கிடப்பதற்கும் இதுவே காரணம். குளிர்காலத்தில் ஓடை பெருகும்போது மலையிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வருகிறது. அலை அதை முன்னும் பின்னும் இழுத்து உருட்டித் தேய்க்கிறது. நுண்ணிய மணலைக் கடல் ஆழத்துக்கு இழுத்துப் போய்விட, கனமான கல் கரையில் தங்கிவிடுகிறது. அதில் ஒன்றைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். தண்ணீரில் நனைத்தால், உள்ளே வெள்ளை நூல்போல் ஓடும் கால்சைட் இழைகள் பளிச்சென்று தெரியும். மலைக்குள் எப்போதோ விழுந்த விரிசலில் சுண்ணாம்பு நீர் புகுந்து உறைந்த தழும்பு அது. வெயிலில் வைத்த ஓரிரு நிமிடத்தில் மறுபடி சாம்பலாகிவிடும். ஊருக்கு எடுத்துச்சென்றால் அலமாரியில் சாம்பல் கல்லாகத்தான் இருக்கும் என்பதால் மட்டுமல்ல, ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்துப்போனால் சிறிய கரைகள் உண்மையிலேயே மெலிந்துபோகும் என்பதாலும், அதை அங்கேயே விட்டுவருவதுதான் முறை. ஸ்கியாதோஸ் தீவின் லலாரியா கடற்கரையில் வெண்கூழாங்கற்களை எடுப்பதே தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இனி மனிதர்கள். அயியோஃபராங்கோ என்ற பெயருக்குப் 'புனித மலையிடுக்கு' என்று பொருள். அதன் சுவர்களில் உள்ள குகைகளில் துறவிகள் தனித்தனியே வாழ்ந்தார்கள். நடைவழியில், பாறைக் குகையோடு ஒட்டிக் கட்டப்பட்ட புனித அந்தோணியாரின் சிறு கற்கோயில் இன்றும் நிற்கிறது. அருகே கிணறும் உண்டு. ஒரு காலத்தில் முந்நூறு துறவிகள் இங்கே இருந்தார்கள் என்றும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் குமெனோஸ்பிலியோஸ் எனப்படும் பெரிய குகையில் கூடினார்கள் என்றும், அந்த நாளில் வராதவர் இறந்துவிட்டார் என்று மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள் என்றும் அந்தப் பகுதியில் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. எண்ணிக்கையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தனிமையைத் தேடி அங்கே வந்த முதல் கூட்டம் சுற்றுலாப் பயணிகள் அல்ல என்பதை அந்தக் கதை நன்றாகச் சொல்கிறது.

துறவிகளும்கூட முதலில் வந்தவர்கள் அல்லர். 1970களில் டேவிட் பிளாக்மன், கீத் பிரானிகன் ஆகிய தொல்லியலாளர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியை அடியடியாக நடந்து ஆய்வுசெய்தார்கள். கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த, கிரீட்டின் பழைய நாகரிகமான மினோவன் கால வட்டக் கல்லறைகளும் சிறு குடியிருப்புகளும் அங்கே இருந்தது தெரியவந்தது. இன்று ஆடுகளின் கழுத்துமணி மட்டும் கேட்கும் சரிவுகளில் அன்று மக்கள் பயிர்செய்தார்கள், தங்கள் பிணங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரே கல்லறையில் வைத்தார்கள். ஆகவே இது மனிதர் காலடி படாத இடம் அல்ல. மனிதர்கள் வாழ்ந்து, பிறகு விட்டுப்போன இடம். என் பார்வையில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. காலடி படாத இடம் என்று நினைப்பவர் அங்கே தானே முதல்வர் என்ற எண்ணத்தோடு நடக்கிறார். விட்டுப்போன இடம் என்று தெரிந்தவர் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைகிறார்.

கிழக்கே சிறிது தூரத்தில் கலி லிமெனெஸ் என்ற துறை இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அது 'நல்ல துறைமுகம்' என்ற பெயரில் அறிமுகமான இடம். ரோமுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பவுல் ஏறியிருந்த கப்பல் ஒதுங்கிய துறை. இன்று அதன் முன்னுள்ள சிறு தீவில் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. மேற்கே இருப்பது மாத்தலா: பாறையில் குடைந்த பழைய கல்லறைக் குகைகளில் 1960களில் ஹிப்பிகள் வந்து தங்கியதால் உலகப் பெயர் பெற்று, இன்று விடுதிகளும் உணவகங்களும் நிறைந்திருக்கும் கடற்கரை. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் சுற்றுலா. இரண்டுக்கும் நடுவே அயியோஃபராங்கோ தப்பியது எப்படி என்பதற்கான விடை பெரும்பாலும் சாலையில் இருக்கிறது.

கிரேக்கத்தில் ஊர் எல்லைத் திட்டத்துக்கு வெளியே உள்ள நிலத்திலும் வீடோ விடுதியோ கட்ட நெடுங்காலமாக வழி உண்டு. அதற்குப் பொதுவான நிபந்தனை, நிலம் குறைந்தது 4,000 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது. தீவுகளின் சரிவுகளில் வெள்ளை வீடுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த விதி பெற்ற பிள்ளை. ஆனால் 2023ஆம் ஆண்டு, பத்மோஸ் தீவு தொடர்பான ஒரு வழக்கில், கிரேக்கத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் நிலத்தின் பரப்பு மட்டும் போதாது, சட்டப்படி அமைந்த பொதுச் சாலையை ஒட்டி அதன் முகப்பு இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை யாரோ ஒருவர் புல்டோசர் வைத்துக் கீறிய மண்பாதையையே சாலை என்று காட்டி அனுமதி வாங்கிய வழக்கத்துக்கு அது பெரிய தடை. பாதையை யார் போடுகிறார்கள் என்பதை வைத்தே ஒரு கரையின் அடுத்த முப்பது ஆண்டு முடிவாகிறது. வண்டி வந்தால் தண்ணீர் லாரி வரும், தண்ணீர் வந்தால் உணவுக்கடை வரும், கடைக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் வந்தபின் அறை வாடகைக்கு வரும். அயியோஃபராங்கோவில் கடைசி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வண்டி போக முடியாததே அதற்கு வாய்த்த மிகப் பெரிய காவல். நடக்க முடியாத முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் அந்தக் கரை எட்டாக்கனியாகிவிடுகிறது என்பது உண்மைதான். அந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் சாலை வசதியுள்ள கரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் தீவில், சில இடங்களை நடைக்கென்றே விட்டுவைப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

சாலைக்கு அடுத்தது கரைச் சட்டம். குளிர்காலத்தின் மிகப் பெரிய, ஆனால் வழக்கமான அலை எதுவரை ஏறி நனைக்கிறதோ அதுவரை உள்ள நிலத்தைக் கிரேக்கச் சட்டம் 'எயியலோஸ்' என்கிறது. அது யாருக்கும் விற்க முடியாத பொதுச் சொத்து. நம் ஊர் வழக்கில் கடற்புறம்போக்கு என்று சொல்லலாம். 2001ஆம் ஆண்டின் 2971ஆம் எண் சட்டம் இதை வரையறுக்கிறது என்றாலும், கருத்து அதைவிட மிகப் பழையது. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பே, காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கை நீதிப்படி எல்லாருக்கும் பொது என்றும், குளிர்கால அலை ஏறும் எல்லைவரை உள்ளது கரை என்றும் கூறியிருக்கிறது. சட்டம் அவ்வளவு தெளிவாக இருந்தும் கரைகள் எப்படிக் கைமாறின? நிலத்தை விற்காமல், நாற்காலி போடும் உரிமையை மட்டும் குத்தகைக்குக் கொடுத்ததால். குத்தகை எடுத்தவர்களில் சிலர் அனுமதித்த பரப்பைத் தாண்டித் தண்ணீர் விளிம்புவரை நாற்காலிகளை நிரப்பினார்கள். துண்டு விரிக்கக்கூட இடமில்லாமல் போன உள்ளூர் மக்கள் 2023 கோடையில் பாரோஸ் தீவில் போராட்டத்தில் இறங்கினார்கள். 'துண்டு இயக்கம்' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் பிற தீவுகளுக்கும் பரவியது.

அதன் பலனாக வந்ததுதான் 2024ஆம் ஆண்டின் 5092ஆம் எண் சட்டம். கரையின் பரப்பில் குறைந்தது பாதியும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 70 விழுக்காடும் நாற்காலி இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் விளிம்பிலிருந்து நான்கு மீட்டருக்குள் எதையும் போடக் கூடாது. மிகச் சிறிய கரைகளைக் குத்தகைக்கே விடக் கூடாது. அதோடு, ஐரோப்பாவின் நாதுரா 2000 பாதுகாப்பு வலையமைப்புக்குள் வரும் 198 கரைகளை 'கால்படாக் கரைகள்' என்று அரசு அறிவித்து, அங்கே நாற்காலி, குடை, ஒலிபெருக்கி, கூட்ட நிகழ்ச்சி எதற்கும் இடமில்லை என்று தடைவிதித்தது. அடுத்த ஆண்டில் பட்டியல் நீண்டது. மீறலைக் கண்ட எவரும் கைப்பேசிச் செயலி வழியாகப் புகார் அனுப்பலாம். அயியோஃபராங்கோவைச் சூழ்ந்த மேற்கு அஸ்தெரூசியாவும் நாதுரா 2000 பகுதிதான். அஸ்தெரூசியா மலைத்தொடரை 2020இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பாறைச் சுவர்களின் மேல் விளிம்பில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்க்க முடிவது அந்தப் பாதுகாப்பின் ஒரு முகம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் ஈஜியன் தீவுகளின் கரையைப் பற்றிப் பேச முடியாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்ற காற்று நாள்கணக்கில் வீசும். பழைய கிரேக்கர்கள் இதை 'ஆண்டுக்காற்று' என்று பொருள்படும் எதெசியன் என்ற பெயரால் அழைத்தார்கள். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் கூடியும் துருக்கியின் அனத்தோலியாவில் குறைந்தும் இருப்பதே இதற்குக் காரணம். அந்தக் குறைந்த அழுத்தம், இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் கோடையில் உருவாகும் தென்மேற்குப் பருவக்காற்றுத் தாழ்வழுத்தம் மேற்கே நீட்டிய ஒரு கை. கேரளத்திலும் நம் மேற்கு மலைகளிலும் மழை கொட்டும் அதே மாதங்களில் கிரீட்டின் வானம் மேகமின்றி வெளுத்துக்கிடப்பதும் இந்த ஒரே இயக்கத்தின் இன்னொரு பக்கம். ரோமானிய எழுத்தாளர் பிளினி, முசிறிக்குச் செல்லும் வணிகர்கள் இந்த எதெசியன் காற்றைப் பிடித்து நைல் நதியில் பன்னிரண்டு நாளில் கொப்தோஸ் நகரை அடைந்ததாக எழுதியிருக்கிறார். யவனர் மரக்கலங்களை நம் மேற்குக் கரைக்குத் தள்ளியதில் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் பங்குண்டு.

தென்கரைக் குடாவில் இந்தக் காற்று நேராகத் தாக்குவதில்லை. மலையைத் தாண்டி, மேலிருந்து கீழே கொத்துக்கொத்தாக விழுகிறது. கரையோரக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும்; திடீரென்று ஒரு வீச்சு வந்து நீர்ப்பரப்பைச் சிலிர்க்கவைத்துவிட்டுப் போகும். ஏமாறுவது இங்கேதான். காற்றடைத்த மிதவையில் படுத்திருப்பவரைக் கரையை விட்டு வெளியே தள்ளும் திசையில் அந்த வீச்சு இருக்கிறது. தெற்கே அடுத்த பெருநிலம் சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆப்பிரிக்கா. உயிர்காக்கும் காவலர் யாரும் அங்கே இல்லை; மலையிடுக்குக்குள் கைப்பேசி அலையை நம்பவும் முடியாது. மிதவையைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

வெயிலும் அப்படித்தான். 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் கடும் வெயிலில் தனியே நடக்கப்போன பயணிகள் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தார்கள். சிமி தீவில் ஒரு கடற்கரையிலிருந்து நடந்து புறப்பட்ட பிரிட்டனின் பெயர்பெற்ற மருத்துவ ஒளிபரப்பாளரின் உடல், மற்றொரு கடற்கரையை அடையச் சிறிது தூரமே இருந்த சரிவில் நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. அயியோஃபராங்கோ நடை அந்த அளவுக்குக் கடினமானது அல்ல. ஆனாலும் தண்ணீர் சுமந்து, காலையிலேயே இறங்கி, நண்பகலில் ஏறாமல் இருப்பது எவருக்கும் பொருந்தும் விதி. செங்குத்துப் பாறையின் அடி நிழலாகத் தெரிந்தாலும் அதில் படுப்பதில் ஆபத்து உண்டு. ஸகிந்தோஸ் தீவில், 1980இல் தரைதட்டிய பனாயோத்திஸ் கப்பலின் துருப்பிடித்த உடலால் உலகறிந்த நவாயியோ கரையில், 2018 செப்டம்பரில் பாறைச் சுவரின் ஒரு பகுதி சரிந்து கடலில் விழுந்தது; எழுந்த அலையில் படகுகள் கவிழ்ந்து சிலர் காயமடைந்தார்கள். 2023 முதல் அந்தக் கரையில் இறங்கவே தடை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே படத்துக்காக வந்த இடம் இன்று தூரத்திலிருந்து மட்டும் பார்க்கும் இடமாகிவிட்டது.

இத்தகைய குடாக்களில் கால்வைக்கும் பலர் முகம் சுளிப்பது ஒன்றைப் பார்த்துத்தான்: நீர் விளிம்பில் மெத்தைபோல் குவிந்து கிடக்கும் பழுப்புச் சருகு. கடற்பாசி, அழுக்கு என்று நினைத்துவிடுவார்கள். அது பாசி அல்ல; பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. வேரும் பூவும் காயும் உள்ள தாவரம் அது. மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளராதது. சருகுக்கு நடுவே தென்னைநார் உருண்டைபோல் பழுப்பு நிறப் பந்துகள் கிடக்கும். எடுத்து அமுக்கினால் இலேசாக, உலர்ந்து, விரலுக்குள் நெளியும். பிய்த்தால் மெல்லிய நார்நாராகப் பிரியும். இலையின் நாரை அலை உருட்டி உருட்டிச் செய்த பந்து அது. இந்தச் சருகு மெத்தைதான் குளிர்கால அலையின் அடியைத் தாங்கிக் கரையைக் கரையாமல் காக்கிறது. அழுக்கு என்று வாரிக் கொட்டிய கரைகள் ஆண்டுக்காண்டு மெலிகின்றன. உயிரோடு நிற்கும் புல்வெளியோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே பரவுகிறது. ஒரு படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனால் ஒரு நிமிடத்தில் பிடுங்கும் இடம் மீண்டும் நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே படகில் வருபவர்கள் புல்லைத் தவிர்த்து மணல் தெரியும் இடத்தில்தான் நங்கூரம் போட வேண்டும். மேலிருந்து பார்த்தால் புல் கருநீலமாகவும் மணல் வெளிர்பச்சையாகவும் தெரியும். வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.

தனிமை வேறு ஓர் உயிருக்கும் தேவைப்படுகிறது. மத்தியதரைக் கடலின் துறவிச் சீல்கள் என்னும் கடல்நாய்கள் ஒரு காலத்தில் திறந்த கரைகளிலேயே படுத்துக் குட்டிபோட்டன. மனிதர்கள் அவற்றை வேட்டையாடி, பிறகு கரைகளையும் எடுத்துக்கொண்டதால், கடலிலிருந்து மட்டும் நுழையக்கூடிய குகைகளுக்குள் அவை ஒதுங்கின. குகையில் பிறக்கும் குட்டியைப் புயல் அலை அடித்துப்போகும் ஆபத்து அதிகம். அலோனிசோஸ் தீவைச் சுற்றி 1992இல் அமைத்த கடல் பூங்கா உள்ளிட்ட முயற்சிகளால் நிலைமை சற்றே தேறி, 2023இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேசச் சிவப்புப் பட்டியல் இந்தச் சீலை 'அருகிவரும்' நிலையிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த 'பாதிப்புக்குள்ளாகக்கூடிய' நிலைக்கு மாற்றியது. வெறுமையாக விட்ட கரைக்கு அவை திரும்பிவருவதும் சில இடங்களில் காணக்கிடைக்கிறது. கரையில் சீல் படுத்திருந்தால் விலகி நிற்பதும், கடற்குகைக்குள் நீந்திப் போகாமல் இருப்பதும் அதற்காகத்தான்.

அயியோஃபராங்கோவிலும் கோடை நண்பகலில் அயியா கலினி போன்ற துறைகளிலிருந்து படகுகள் வந்து ஆட்களை இறக்கும். அப்போது அது தனிமையான இடமாக இருக்காது. குப்பைத்தொட்டி இல்லாததால் அவரவர் கொண்டுவந்ததை அவரவரே திரும்பச் சுமக்க வேண்டும். சுமக்காதவர்கள் விட்டுப்போனவற்றை ஆடுகள் கிளறும். மாலையில் படகுகள் போன பிறகு மேற்குச் சுவரின் நிழல் கரையை மூடத் தொடங்கும்போது, நடந்து வந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களும் வெளிச்சம் இருக்கும்போதே ஓடைப்படுகையில் அரளிப் புதர்களுக்கு நடுவே ஏறி, அந்தோணியார் கோயிலைக் கடந்து வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். இரவில் கூடாரம் அடித்துத் தங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை.